கழுகுக் கண்ணும் காசியின் முகமும்

தம்பி செந்திலு,

உன் கல்யாண ரிசப்ஷன் அன்றைக்குத் திரையில் ஓடவிடுவதற்காக நீ செய்த வீடியோவை எனக்கு அனுப்பி, "இங்கிலீஷ்ல தப்பிருந்தாச் சொல்லுங்கப்பா" என்று கேட்டிருந்தாய். நானும் உன் அம்மாவும் உட்கார்ந்து பார்த்தோம். தப்பு ஒன்றும் இல்லை. நான் பள்ளிக்கூடத்தில் நிற்கிற பழைய போட்டோவுக்குக் கீழே 'மை ஈகிள்-ஐட் அப்பா' என்று போட்டு, நடுவில் சின்னக் கோட்டைக்கூட மறக்காமல் வைத்திருக்கிறாய். உன் அம்மா அதைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அந்த ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துவிடு. ஏன் என்று போனில் சொல்லத்தான் நினைத்தேன். நீ "சொல்லுங்கப்பா" என்றதும் சாப்பிட்டியா, மழை உண்டா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

இத்தனை வருஷம் நான் பாடம் நடத்திய சொல் அது. 'ஈகிள் ஐ' என்றால் யார் கண்ணிலும் படாததைக் கண்டுபிடிக்கிற கூர்மையான பார்வை. பேப்பரில் ஒரு எழுத்துப் பிழையைக் கண்டுபிடித்து எழுதிப் போடுகிறவரை 'ஈகிள்-ஐட் ரீடர்' என்பார்கள். அங்கே அது பாராட்டு. 'கீப் அன் ஈகிள் ஐ ஆன்' என்றால் ஒருவர் மேல் வைத்த கண்ணை எடுக்காமல் கவனிப்பது. 'அண்டர் தி ஈகிள் ஐ ஆஃப்' என்று வந்தால் கதை மாறிவிடும். அங்கே பார்க்கிறவனைப் பற்றிப் பேச்சே இல்லை, பார்க்கப்படுகிறவன் படுகிற பாடுதான் பேச்சு. நம் ஊரில் "கழுகு மாதிரி பாக்கான்" என்று சொன்னால் யாரும் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இங்கிலீஷில் நான் முதல் அர்த்தத்தை மட்டும் எனக்கென்று வைத்துக்கொண்டேன். பையன்கள் எனக்குக் 'கழுகுக் கண் சார்' என்று பேர் வைத்தது தெரிந்தபோது கோபப்படுகிற மாதிரி நடித்தேன். உள்ளுக்குள் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

நீயும் காசியும் ஒரே வகுப்பில்தான் என்னிடம் படித்தீர்கள். ஒருநாள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு சுருளி அருவிக்குப் போனீர்களே, ஞாபகம் இருக்கிறதா? தலையைக் காயவைத்து, விபூதி எல்லாம் பூசிக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர்கள் மாதிரி சாயங்காலம் வீட்டுக்குள் வந்தீர்கள். உன் காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த மணலை வாசலிலேயே பார்த்துவிட்டேன். "யாரு கூப்பிட்டது?" என்று கேட்டேன். நீ குனிந்துகொண்டாய். காசி ஓர் அடி முன்னால் வந்து, "நாந்தேன் சார் கூட்டிட்டுப் போனேன்" என்றான். அடி அவனுக்குத்தான் விழுந்தது. கூப்பிட்டது நீ என்று எனக்கு அப்போதே தெரியும். உன் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. தெரிந்தும் அவனைத்தான் அடித்தேன். தகப்பன் இல்லாத பிள்ளை, தாய் பேச்சியம்மா நம் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டங்களிலும் கூலிக்கு வருகிறவள், அடித்தால் கேட்க ஆள் இல்லை. இப்படியெல்லாம் யோசித்து நான் அடிக்கவில்லை. யோசிக்காமலே கை அவன் பக்கம் போனதுதான் இன்றைக்கு என்னை உறுத்துகிறது.

இனி உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். ரிட்டயர் ஆகி ஓடைப்பட்டித் தோட்டத்து வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே என் பார்வை மங்க ஆரம்பித்துவிட்டது. முதலில் பேப்பரில் சின்ன எழுத்து போனது. அப்புறம் முகங்கள் போயின. ஆட்களை நடையையும் குரலையும் வைத்து அடையாளம் கண்டுகொண்டேன். சின்னமனூரில் பஸ்ஸுக்கு நின்றால் போர்டு தெரியாது, "இது எப்பய்யா கெளம்பும்?" என்று பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டால் அவரே ஊர்ப் பேரையும் சேர்த்துச் சொல்லிவிடுவார், அதை வைத்து ஏறிக்கொள்வேன். ஒருநாள் காப்பியைத் தம்ளருக்கு வெளியே ஊற்றிவிட்டேன். உன் அம்மா, "தேனிக்குப் போயிக் கண்ணக் காமிங்க" என்றாள். "எங்கண்ணுக்கு என்ன கேடு?" என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன். ஊர் முழுக்கக் கழுகுக் கண் சார் என்று கூப்பிடுகிற ஆள், தடவித் தடவி நடக்கிறான் என்று பேர் வாங்குவதா? வயசானால் எல்லாருக்கும் வருகிற சாதாரணக் கண்புரை. அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு அவ்வளவு வெட்கம்.

போன வருஷம் திராட்சைக் கொடியை வெட்டிக் கவாத்து முடித்து, புதுத் துளிர் விட்டிருந்த சமயம். பொழுது அடைகிற நேரத்தில் மொட்டை மாடியில் உலாத்திக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தோட்டத்துப் பாண்டியன் மாமாவின் மோட்டார் ரூமிலிருந்து ஒரு ஆள் வெளியே வந்து, திராட்சைப் பந்தலுக்குள் குனிந்து மறைந்தான். நீலச் சட்டை. தோளில் ஏதோ தொங்கியது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மறுநாள் காலையில் மோட்டாரின் செம்புக் கேபிளை யாரோ அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள். பாண்டியன் நம் வீட்டுக்கு ஓடி வந்தார். அவர் தண்ணீர் பாய்ச்ச முடியாமல் துளிர் வாடிவிடும் என்கிற பதற்றத்தில் இருந்தார்.

"சார், நேத்துச் சாயங்காலம் மாடியில நின்னீகள்ல? ஆளு யாரும் கண்ணுல பட்டானா?"

"ஒருத்தன் வெளிய வந்தான். நீலச் சட்டை போட்டிருந்தான்."

"நீலச் சட்டையா? காசியா இருக்குமோ சார்? மருந்தடிக்கிற விஷயத்துல முந்தின வாரந்தேன் அவனுக்கும் எனக்கும் வாய்த்தகராறு."

உனக்குத்தான் தெரியுமே, காசி அப்போது ஒரு நீலச் சட்டையோடு தோட்டம் தோட்டமாகப் பூச்சிமருந்து அடிக்கப் போய்க்கொண்டிருந்தான். "மூஞ்சியப் பாத்தீகளா சார்?" என்று கேட்டார். அவரோடு வந்தவர்கள் எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். "சரியாத் தெரியல" என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், "சாருக்கா தெரியல?" என்று அடுத்த கேள்வி வரும். கண் போன கதை வெளியே வரும். "காசிதேன்," என்றேன். "எங்கண்ணு தப்பாதுன்னு ஒங்களுக்குத் தெரியாதா?" என்றும் சேர்த்துச் சொன்னேன்.

தம்பி, இதைவிட வெட்கக்கேடான ஒன்று இருக்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன். பாண்டியன் அன்றைக்கு வேறு ஒரு கூலிக்காரன் பேரைச் சொல்லியிருந்தால் நான் அதற்கும் ஆமாம் என்றிருப்பேன். ஆனால் சொந்தத் தோட்டம் வைத்திருக்கிற ஒருவரின் மகன் பேரைச் சொல்லியிருந்தால், "இருட்டிருச்சு பாண்டி, எனக்குச் சரியாத் தெரியல" என்றுதான் சொல்லியிருப்பேன். அந்த வார்த்தை எனக்குத் தெரியாமல் இல்லை. காசிக்காக அதைச் செலவழிக்க மனசு வரவில்லை.

காசியைப் பிடித்துக்கொண்டு வந்து நம் வாசலில் நிறுத்தினார்கள். சட்டை கிழிந்திருந்தது. வழியிலேயே அடித்திருக்கிறார்கள். "நான் நேத்து இந்தப் பக்கமே வரல சார். கம்பம் பக்கம் கூடலூர்ல மருந்தடிக்கப் போயிருந்தேன். அங்கன கேட்டுப் பாருங்க சார்," என்று என்னைப் பார்த்துத்தான் சொன்னான். யாரும் கேட்கப் போகவில்லை. சாரே கண்ணால் பார்த்த பிறகு எதற்குக் கேட்க வேண்டும்? நான் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு அதைப் படிப்பதுபோலக் குனிந்திருந்தேன். அதில் ஒரு எழுத்தும் எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவனை ஒருவரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. பள்ளிக்கூடத்தில் அவன் மகளைப் பிள்ளைகள் களவாணி மகள் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். வாயைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நாள் இருந்து பார்த்தான். பிறகு பெண்டாட்டி பிள்ளையோடு மலை ஏறிக் கேரளாப் பக்கம் ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போய்விட்டான். பேச்சியம்மா மட்டும் இங்கே. உனக்கு போனில் சொன்னபோது நீ, "அவனா இப்பிடிப் பண்ணான்?" என்று ஒரு தடவை கேட்டாய். "நானே பாத்தேன்," என்றேன். அதோடு நீ அவனிடம் பேசுவதை விட்டுவிட்டாய். அவன் நம்பரைக்கூட பிளாக் பண்ணிவிட்டதாக உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். உன்னை நான் குற்றம் சொல்ல முடியாது. அப்பன் கண்ணை நம்பி வளர்ந்த பிள்ளை நீ.

உன் அம்மா மட்டும் அன்றைக்குச் சோறு போடும்போது, "அந்தப் பய மூஞ்சிய நெசமாப் பாத்தீகளா?" என்று கேட்டாள். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. ஆனால் பேச்சியம்மா வீட்டுக்குக் குழம்பு கொண்டு போவதை அவள் நிறுத்தவும் இல்லை. எதற்குப் போகிறாய் என்று கேட்கிற தைரியம் எனக்கு வரவில்லை.

கடைசியில் படியில் தடுக்கி விழுந்த பிறகுதான் தேனிக்குப் போய்க் கண்ணைக் காட்டினேன். டாக்டர் சின்னப் பெண். லைட் அடித்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு கண்ணுலயும் நல்லா முத்திப்போயிருக்கே சார், இத்தனை நாள் எப்படிச் சமாளிச்சீங்க?" என்று கேட்டது. கேட்ட தொனியில் குற்றமே இல்லை. எனக்குத்தான் கூசியது. ஆபரேஷன் நடந்தது உனக்குத் தெரியும்; நீ லீவு போட்டு வந்து பக்கத்தில் இருந்தாய். கட்டு அவிழ்த்ததும் உன் சட்டைப் பொத்தானின் நிறம்வரை சொன்னேன். "அப்பாவுக்குப் பழைய கண்ணு திரும்பி வந்துருச்சு," என்று நீ சிரித்தாய்.

நீ திரும்பிப் போன பிறகு ஒருநாள், அதே பொழுது அடைகிற நேரத்தில் மாடிக்குப் போனேன். புதுக் கண் எவ்வளவு தூரம் பார்க்கிறது என்று பார்க்கிற ஆசைதான், வேறு நினைப்பில்லை. மேற்கே மலை அவ்வளவு துலக்கமாகத் தெரிந்தது. பாண்டியனின் மோட்டார் ரூம் பக்கத்தில் யாரோ ஒரு பொம்பளை குனிந்து புல் அறுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என் பக்கம் பார்த்தாள். யாரென்று தெரியவில்லை. கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன், அப்போதும் தெரியவில்லை. அவள் கையை ஆட்டி, "காப்பி போட்டு மூடி வச்சிருக்கேன், எடுத்துக் குடிங்க!" என்று கத்தினாள். உன் அம்மா! இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளின் முகம், நல்ல கண்ணுக்கே அந்த வெளிச்சத்தில், அந்தத் தூரத்தில் தெரியவில்லை. கண்புரைமேல் பழியைப் போட்டு நான் இத்தனை நாள் தப்பித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அந்த மாடியில் யார் நின்றிருந்தாலும் அந்த முகத்தைப் பார்த்திருக்க முடியாது.

மறுநாளே கூடலூருக்கு பஸ் ஏறினேன். காசி மருந்தடித்த தோட்டத்தைத் தேடிப் பிடிப்பது ஒன்றும் கஷ்டமாக இல்லை. தோட்டத்து முதலாளி நல்ல மனுஷர். தேதியைச் சொன்னதும் யோசித்துப் பார்த்து, "ஆமா, எங்க பெரியவளுக்கு வளைகாப்பு நடந்த அன்னைக்கு. காசி பொழுது அடைஞ்சும் இங்கனதேன் நின்னான். சாப்பிட்டுட்டுப் போப்பான்னு நாந்தேன் பிடிச்சு வச்சேன். ஏன் சார் கேக்கீக?" என்றார். ஒரு பஸ் பயணம், ஒரு கேள்வி. அவ்வளவில் முடிந்திருக்க வேண்டிய விஷயம் தம்பி.

அங்கிருந்து வந்து நேராகப் பேச்சியம்மா வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே முறத்தில் அரிசி பொறுக்கினாள். "காசி எங்கன இருக்கான்னு சொல்லு ஆத்தா, நேர்ல போயி மன்னிப்புக் கேக்கணும்," என்றேன்.

"ஊருக்கு முன்னால வச்சுத்தேன சார் அவனக் களவாணின்னு சொன்னீக?" என்றாள். "அதே ஊருக்கு முன்னால இல்லன்னு சொல்லிட்டு வாங்க. பெறகு எடத்தச் சொல்றேன்."

திராட்சைப் பெட்டி எடை போட்டு லாரியில் ஏற்றுகிற இடத்தில் காலையில் எல்லாரும் கூடுவார்கள் அல்லவா? அங்கே போய் நின்றேன். நான் முகத்தைப் பார்க்கவில்லை, பொய் சொன்னேன், காசி அன்றைக்குக் கூடலூரில் இருந்தான், நானே போய்க் கேட்டுவிட்டு வந்தேன் என்று சொன்னேன். யாராவது என்னைத் திட்டுவார்கள் என்று நினைத்தேன். பாண்டியன் தோளில் கை போட்டு, "விடுங்க சார், கண்ணு தெரியாம நடந்துபோச்சு. நீங்க என்ன வேணும்னா செஞ்சீக?" என்றார். இன்னொருவர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். என்னை மன்னிக்க அவர்களுக்கு ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. காசி இப்போது எங்கே இருக்கிறான், எப்படி இருக்கிறான் என்று ஒருவரும் கேட்கவில்லை. வாங்கிய அடிக்கு யார் பதில் சொல்வது என்றும் கேட்கவில்லை. அந்த டீயைக் குடித்துவிட்டுத்தான் வந்தேன். அதையும் உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

பேச்சியம்மா இடத்தைச் சொன்னாள். கம்பம் மெட்டு வழியாகத் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்பில் போனேன். காசி ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோருக்குப் பக்கத்தில், வேலையாட்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் இருக்கிறான். என்னைப் பார்த்ததும், "வாங்க சார்" என்று நாற்காலி எடுத்துப் போட்டான். அந்தப் பழக்கம் மட்டும் அவனை விட்டுப் போகவில்லை. உட்காராமல் நின்றபடியே சொல்லி முடித்தேன். கையைப் பிடிக்கப் போனேன். அவன் மெதுவாக இழுத்துக்கொண்டான். பிறகு சொன்னான்: "என்னயக் கொண்டாந்து ஒங்க வாசல்ல நிப்பாட்டுனாக. சார் நம்மள நிமிந்து பாத்தாருன்னா நெசம் தெரிஞ்சிரும்னு நெனச்சேன். நீங்க பேப்பர்ல இருந்து தலையத் தூக்கவே இல்ல."

ஊருக்குத் திரும்பி வா, எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன் என்றேன். "என் மக இங்கன மலையாளம் படிக்க ஆரம்பிச்சிட்டா சார். இங்கன அவள யாரும் ஒண்ணும் சொல்றதில்ல," என்றான். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை.

உன் பேச்சை நான் எடுக்கவில்லை. அவனேதான் எடுத்தான். "நீங்க சொன்னதுகூட எனக்கு ஆறிப்போச்சு சார். செந்திலு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். நீதானாடான்னு திட்டியாச்சும் கேட்டிருக்கலாம். இல்லடான்னு சொல்லியிருப்பேன். போன் போட்டுப் போட்டுப் பாத்தேன். போகவே இல்ல," என்றான்.

செந்திலு, கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்கு அப்பன் நல்ல வார்த்தை நாலு எழுத வேண்டும். என்னிடம் இருப்பது இவ்வளவுதான். இனி உன் வீட்டில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருப்பீர்கள். உன் மனைவி எங்கே போனாள், யாரிடம் பேசினாள், ஏன் முகம் வாடியிருக்கிறாள் என்றெல்லாம் நீயாக ஒன்றைப் பார்த்து, நீயாக ஒன்றை முடிவு செய்துகொள்ளாதே. அவளிடமே கேள். நாங்களே பார்த்தோம் என்று யாராவது, நானேகூட, வந்து சொன்னாலும் அவளைக் கேட்டுவிட்டு நம்பு. தெரியாததைத் தெரியாது என்று சொல்வதற்கு வெட்கப்படாதே. நான் அதற்கு வெட்கப்பட்டேன். அந்தப் பாவத்தை இன்னொருத்தன் குடும்பம் மலையில் உட்கார்ந்து சுமக்கிறது.

காசிக்கு நான் பத்திரிகை கொண்டு போகவில்லை. என் கையால் கொடுத்தால் அவன் மறுக்க முடியாமல் வாங்கிக்கொள்வான், அது சரியில்லை என்று பட்டது. நீ வரும்போது முதலில் அங்கே போ. மாப்பிள்ளைத் தோழனாக வந்து நில் என்று கேட்கப் போகாதே. நீ கேட்காமல் விட்டதைச் சொல்லப் போ. அவன் திட்டினால் வாங்கிக்கொள். பேசாமல் இருந்தால் நீயும் பேசாமல் உட்கார்ந்திரு. கல்யாணத்துக்கு வருவானா மாட்டானா என்று எனக்குத் தெரியாது.

ஒன்று மட்டும் சொல்கிறேன், எதையும் கூட்டாமல் நடந்தபடி. நான் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தேன். டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார். வளைவு திரும்பும் முன்னால் பின்னாலிருந்து, "சார், சார்!" என்று குரல் கேட்டது. காசி செருப்பு இல்லாமல் சரளை ரோட்டில் ஓடி வந்தான். வண்டியை நிறுத்தச் சொன்னேன். மூச்சு வாங்க வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். உன் கல்யாண விஷயத்தைப் பேச்சியம்மா சொல்லியிருப்பாள் போல; என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்:

"செந்திலுக்குப் பொண்ணு எந்த ஊரு சார்?"

"தேவதானப்பட்டி," என்றேன்.

"அங்கனயா? இங்கருந்து பஸ்ஸு மாறித்தேன் வரணும்ல?" என்றான். கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை. டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்த பிறகுதான் எடுத்தான்.

உன் முகத்தையும் பார்க்கக் கூசுகிற
அப்பா